சீட்டு விழுந்த குழந்தைகள்

சிறைச்சாலையில் வளரும் குழந்தைக்கு யோகமா, வேளாவேளைக்குப் பாலும் சலவைத் துணியும் கிடைக்கும் அநாதை விடுதிக் குழந்தைக்கு யோகமா? யாரைக் கேட்டாலும் விடுதிக் குழந்தைக்குத்தான் என்பார்கள். 1945-ல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடத்தையும் ஒப்பிட்டு எழுதினார். சிறையில், பெற்ற தாய்மாரே குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார்கள். அவை நன்றாகவே வளர்ந்தன. விடுதியிலோ 91 குழந்தைகளில் 34 இரண்டு வருஷத்துக்குள் இறந்துபோயின. ஆகாரத்துக்கும் சுத்தத்துக்கும் அங்கே குறைவில்லை. எடுத்துக் கொஞ்சத்தான் ஆளில்லை. ஸ்பிட்ஸின் ஆராய்ச்சி முறையில் ஓட்டைகள் உண்டென்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள், இருக்கட்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான், 1966-ல், ருமேனியாவின் சௌஷெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். ஜனங்கள் பெருகினால் தேசம் பெருகும் என்பது அவர் கணக்கு. மறு வருஷமே பிறப்புகள் ஏறக்குறைய இரட்டித்தன. வளர்க்க வகையில்லாதவர்கள் பிள்ளைகளைச் சர்க்கார் விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தன.

அந்த விடுதிகளுக்குப் போனவர்கள் சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்றுதான்: கைக்குழந்தைகள் நிறைந்த அறையில் அழுகைச் சத்தமே இல்லையாம். குழந்தை 'ங்கா' என்றால் பதிலுக்கு 'ங்கா' என்று சொல்ல ஒரு முகம் வேண்டாமா? பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆயா. அவள் யாருக்கென்று சொல்லுவாள்? அழுதும் யாரும் வராததால், அவை அழுவதையே விட்டுவிட்டன.

2000-ல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்கர்கள் புகாரெஸ்டின் ஆறு விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் இரண்டரை வயசுக்குள் இருந்தவை. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் விடுதியிலேயே இருந்தார்கள்.

பச்சைக் குழந்தைகளுக்குச் சீட்டா என்று மனசு பதைக்கிறது. ஆனால் அந்த ஊரில் அப்போது வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே இல்லாத குறை. பாதிப் பேருக்காவது இவர்கள்தாம் தேடிக் கொடுத்தார்கள். மீதிப் பேரில் யாருக்காவது வீடு கிடைத்தால் அதைத் தடுப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டார்கள். இந்தச் சமாதானம் எனக்குப் பாதிதான் போதுகிறது.

விடுதிக் குழந்தைகளின் மூளை மின்னலைகள் மங்கிக் கிடந்தன. இரண்டு வயசுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களின் அலைகள், எட்டு வயசில், பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போலவே ஆகிவிட்டன. பிந்திப் போனவர்களுக்கு அவ்வளவு வாய்க்கவில்லை.

2004-ல் ருமேனியா ஒரு சட்டம் செய்தது: இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தையை விடுதியில் சேர்க்கக் கூடாது, கடும் ஊனமுள்ள குழந்தைகள் நீங்கலாக. அதற்குள், சீட்டில் விடுதி விழுந்த குழந்தைகளுக்கெல்லாம் இரண்டு வயசு தாண்டிவிட்டது.