சாய ஒளிவினையூக்கம்

கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சிய கரிமச் சாயத்தைக் கொண்டு வேதிவினைகளை நடத்தும் முறை. கிளர்ந்த சாய மூலக்கூறு பெரும்பாலும் அடுத்த மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும், அல்லது அதனிடமிருந்து பறிக்கும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த சுற்றுக்குத் தயாராகும்.

இதில் அதிகம் உழைக்கும் ஈயோசின் என்ற சாயம் துணிக்காகப் பிறந்தது. 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபுளோரசீனைத் தயாரித்தார். அதில் புரோமினை ஏற்றி ஹைன்ரிக் காரோ 1874இல் இந்தச் சிவப்புச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் வெளுப்பு மட்டும் நிகழ்வதில்லை என்பதை 1900இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் அறிவித்தார்: அக்ரிடின் சாயம் கலந்த நீரிலிருந்த பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர்கள் ஒளி பட்டதும் மடிந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஹைடல்பர்க்கில் குந்தர் ஷென்க், இலைப் பச்சையத்தையும் வெயிலையும் கொண்டு குடற்புழு மருந்தான அஸ்காரிடோலைத் தயாரித்தார். 1978இல் ரிச்சர்ட் கெல்லாக் குழுவினர் சாயங்களால் ஒடுக்கவினையை விரைவுபடுத்தினர். அதை அன்று பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

2008இல் துறை சூடுபிடித்தபோது நாயகன் அரிய உலோகமான ருத்தேனியம். மலிவான சாயத்துக்கு இடம் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 2012இல் ரேகன்ஸ்பர்கில் துர்கா பிரசாத் ஹரி, பர்கார்ட் கோனிக் குழுவினர் ஈயோசினையும் பச்சை எல்.இ.டி. விளக்கையும் கொண்டு டையசோனியம் உப்புகளை ஃபியூரான், தயோஃபீன் போன்ற வளையங்களுடன் இணைத்தனர். உலோகமே தேவைப்படவில்லை.

மைசூரில் சாயம் எதிர்த்தரப்பில் நின்றது. மைசூர்ப் பல்கலைக்கழக நிலவியல் துறையின் கே. பைரப்பா குழுவினர், வெந்நீரிலும் அழுத்தத்திலும் உருவாக்கிய துத்தநாக ஆக்சைடால் ரோடமைன் பி சாயத்தை ஒளியில் சிதைத்த ஆய்வை 2006இல் வெளியிட்டனர். அங்கே வினையூக்கி கனிமம், சாயம் ஒழிக்கவேண்டிய கழிவு. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பார்த்த திருப்பூர்க்காரருக்கு இந்த ஆய்வின் தேவையை விளக்கவேண்டாம். ஆனால் ரோடமைனும் ஈயோசினும் ஒரே சாந்தீன் குடும்பம். பத்தாண்டு கழித்து, 2016இல், இந்திரஜித் கோஷும் கோனிக்கும் ரோடமைன் 6ஜியை வினையூக்கியாக்கினர். ஒளியின் நிறத்தை மாற்றினாலே சாயத்தின் வலிமை மாறியது: டிரைபுரோமோபென்சீனில் பச்சை ஒளி ஒரு புரோமினை மாற்றியது, நீல ஒளி இரண்டை.

தொல்லைகளும் உண்டு. அமிலத்தில் ஈயோசினின் மூலக்கூறு மூடிக்கொண்டு நிறத்தையும் செயலையும் இழக்கும். நீண்ட நேரம் கடும் வெளிச்சத்தில் வைத்தால், துணியில் வெளுப்பதைப் போலவே குடுவையிலும் வெளுக்கும்.