'பரையா': ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலம் பயிலும் மாணவர் ஒரு புதிய சொல்லை எதிர்கொள்ளும்போது, அகராதி தரும் ஒற்றைவரிப் பொருளையும் ஓரிரு எடுத்துக்காட்டுத் தொடர்களையும் கொண்டு அதனை மனத்தில் பதித்துக்கொள்கிறார். பெரும்பாலான சொற்களுக்கு இம்முறை போதுமானது. சில சொற்களிலோ அகராதிப் பொருள் சொல்லின் வரலாற்றை மறைத்துவிடுகிறது. 'பரையா' என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்பது அதற்கு இன்று வழங்கும் பொருள். தமிழ் மாணவர் இதனை அயல்மொழிச் சொல்லாகவே கற்கக்கூடும். ஆனால் அது தமிழ் மண்ணில் வாழும் ஒரு சமூகத்தின் பெயர். இப்பெயர் எவ்வாறு பொதுச்சொல்லாயிற்று, அம்மாற்றத்தில் எப்பொருள் திரிந்தது, மொழிபெயர்ப்பாளர் அதனை எவ்வாறு கையாளலாம் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. தமிழில் பெயரின் நிலை

'பறையர்' என்னும் பெயர் 'பறை' என்னும் இசைக்கருவியின் பெயரடியாகப் பிறந்தது என்று பலரும் கொள்வர். புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனை நான்கு குடிகளுள் ஒன்றாகச் சுட்டுகிறது. சோழர் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி' என்னும் குடியிருப்புப் பெயர் இடம்பெறுகிறது. பிற்காலத்தில் இச்சமூகத்தாருள் பறை முழக்குவோர் ஒரு பகுதியினரே. பெரும்பான்மையோர் வேளாண் உழைப்பாளர்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. இச்சமூகத்தார் ஊருக்குப் புறத்தே தனிச்சேரியில் வாழுமாறு கட்டுப்படுத்தப்பட்டனர். தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளாயினர். ஆயினும் ஊரின் உழைப்பு அமைப்பிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டவர் அல்லர். உழவும் நடவும் அறுவடையும் அவர்தம் உழைப்பாலேயே நடந்தன. அவர்களை விலக்கியோருக்கு அவர்தம் உழைப்பு இன்றியமையாததாய் இருந்தது.

2. ஐரோப்பிய மொழிகளில் சொல்லின் பயணம்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் வாழ்ந்த போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசாவின் நூலிலேயே இப்பெயரின் ஐரோப்பிய வடிவம் காணப்படுகிறது. ஆங்கிலத்தில் இது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து வழங்குகிறது. சென்னையில் ஐரோப்பியர் இல்லங்களில் பணிபுரிந்தோருள் பலர் இச்சமூகத்தவராக இருந்தமை, இப்பெயர் ஆங்கிலேயரிடையே பரவுவதற்கு ஒரு காரணமாயிற்று. கடன்பெற்ற வடிவத்தில் றகர ரகர வேறுபாடு மறைந்தது. பன்மை ஈற்றின் ரகரமும் நிலைக்கவில்லை.

ஒலிமாற்றத்தினும் பொருள்மாற்றமே பெரிது. 1791இல் பெர்னார்தேன் த சேன்-பியேர் பிரெஞ்சில் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்னும் கதை, உண்மையைத் தேடி வரும் ஓர் ஆங்கில அறிஞர் அதனைக் காட்டுக் குடிசையில் ஒதுங்கி வாழும் ஒரு 'பரியா'விடம் கண்டடைவதாகச் சொல்கிறது. 1821இல் கசிமீர் தெலவீஞ்ஞின் நாடகமும், 1824இல் கதேயின் கவிதைகளும் இதே பெயரைத் தலைப்பாகக் கொண்டு வெளிவந்தன. இவ்வாறு ஒரு பெருஞ்சமூகத்தின் பெயர், ஐரோப்பிய வாசகர் மனத்தில் தனித்து விடப்பட்ட மனிதனின் குறியீடாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆங்கிலத்தில் இந்தியாவோடு தொடர்பற்ற மனிதருக்கும் இச்சொல் வழங்கலாயிற்று.

இத்திரிபு அக்காலத்திலேயே மறுக்கப்பட்டது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், இச்சமூகத்தார் திராவிடரே என நிறுவ முற்பட்டார். அவர்கள் சாதியிலிருந்து தள்ளப்பட்டோர் அல்லர், தமக்கெனப் பிரிவுகளும் வழக்காறுகளும் உடைய தொன்மையான தனிச்சமூகத்தார் என்பது அவர் கருத்து. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' சொற்களஞ்சியமும் ஐரோப்பிய வழக்கிலுள்ள பிழையைச் சுட்டியது. எனினும் பொது வழக்கு மாறவில்லை.

3. பொருள் திரிபின் தன்மை

இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் 'பரையா' ஆவது பெரும்பாலும் தம் செயலின் விளைவாகவே. நிறவெறி ஆட்சி நிலவிய காலத்துத் தென்னாப்பிரிக்கா இச்சொல்லால் குறிக்கப்பட்டமை இதற்குச் சான்று. குற்றம் செய்த நாட்டைப் பிற நாடுகள் ஒதுக்குகின்றன. குற்றம் நீங்கின் ஒதுக்கமும் நீங்கும். தமிழ்நாட்டுச் சமூகத்தாரின் நிலையோ பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டது. அதில் அவர்தம் குற்றம் ஏதுமில்லை. எனவே இங்கு நிகழ்ந்ததைப் பொருள்விரிவு என்று மட்டும் கூறி அமைய இயலாது. கொடுமைக்கு உள்ளானோரின் பெயர், கொடுமை இழைத்தோரைச் சுட்டவும் வழங்குகிறது.

4. பெயருக்கு உரியோரின் நோக்கு

1893இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகக் கருதப்பட்ட 'பறையன்' என்னும் பெயரையே தம் இதழுக்குச் சூட்டினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர் அப்பெயரை ஏற்காது, பூர்வ பௌத்தர் என்னும் அடையாளத்தை முன்வைத்தார். 1922இல் எம்.சி. ராஜா முன்னின்று முயன்றதன் பயனாக, அரசு வழக்கில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. அணுகுமுறைகள் வேறுபடினும், தம் பெயரைத் தாமே தீர்மானிக்கும் உரிமையே மூன்றிலும் அடிப்படை. ஆங்கிலச் சொல்லின் வளர்ச்சியில் இவ்வுரிமைக்கு இடமிருந்ததில்லை.

5. மொழிபெயர்ப்பில் கையாளும் முறை

ஆங்கிலச் சொல்லை அதன் தமிழ் மூலத்துக்கே மீட்டு எழுதுவது சொற்பிறப்பளவில் பொருத்தமாகத் தோன்றலாம். பொருளளவில் அது பிழை. வசைப்பொருளை மீண்டும் ஒரு சமூகத்தின்மேல் ஏற்றுவதும் ஆகும். எனவே சூழலுக்கேற்பச் சொல் தெரிதல் வேண்டும். அரசியல் செய்திகளில் 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்பதும், தனிமனிதரைச் சுட்டுமிடத்து 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர்' என்பதும் போதுமானவை. நாயினத்தைக் குறிக்கும் தொடருக்குத் 'தெருநாய்' அல்லது 'நாட்டு நாய்' என்பதே இயல்பான வழக்கு. மாக்ஸ் வேபர் யூத மக்களின் நிலையை விளக்கவும், ஹன்னா அரெண்ட் 1944இல் யூத மரபு பற்றிய கட்டுரையிலும் இதனைக் கலைச்சொல்லாக ஆண்டுள்ளனர். அங்குப் 'பரையா' என ஒலிபெயர்த்து, முதல் வருகையில் விளக்கம் தருதல் தகும். காலனிய ஆவணங்களில் அச்சமூகத்தையே குறிக்குமிடத்து மட்டும் 'பறையர்' என்று எழுதுவது பொருந்தும். அங்கு அது சமூகத்தின் பெயராகவே நிற்கிறது.

இருமொழி அகராதிகள் இச்சொல்லுக்குப் பொருள் தருமிடத்து, அதன் மூலத்தையும் பொருள் திரிந்த முறையையும் ஓரிரு வரிகளில் சேர்த்தல் இன்றியமையாதது. அக்குறிப்பைக் காணும் மாணவர் சொல்லின் பயன்பாட்டோடு, அதனை எங்குப் பயன்படுத்தலாகாது என்பதையும் அறிந்துகொள்வார்.