அரிசோனாப் பாலையில் விஷ்ணு கோயில்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே கொலராடோ ஆறு, ஏறக்குறைய ஒரு மைல் ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து, 277 மைல் தூரம் செல்கின்றது. கிராண்ட் கன்யன் எனப்படும் இவ்வாற்றுக்குடைவின் பழைய இடவிளக்கப் படத்தை விரித்துப் பார்க்கும் இந்து வாசகர் சற்றே திகைப்பர். விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரமன் கோயில் என்றெல்லாம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அங்கே கோபுரமுமில்லை, கொடிமரமுமில்லை. தனித்து நிற்கும் பாறைக் குன்றுகளே அவை.

இவ்வழக்கத்துக்கு வித்திட்டவர் கிளாரன்ஸ் டட்டன் என்னும் கப்டன். 1882ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூல் இப்பள்ளத்தாக்கின் நிலவரலாற்றைக் கூறுவது. படிப்படியாய் அடுக்கிய பாறைகள் அவர் கண்ணுக்குக் கீழைத்தேயக் கோயில்களாகவே தோன்றின.

எனினும் அக்குன்றுகளைச் செவ்வையாக அளந்து படத்தில் இருத்தியவர், அம்ஸ்டர்டாமிற் பிறந்த பிரான்சுவா மத்தேஸ் ஆவர். 1902இல் அவர் பணி தொடங்கிற்று. முக்காலிமேல் வைத்த வரைபலகையே பிரதான கருவி. ஏறவியலாத உச்சியை இரு வேறிடங்களிலிருந்து நோக்கிக் கோடிழுத்தால், கோடுகள் வெட்டுமிடமே உச்சியின் தானம். காலால் மிதியாத குன்றையும் கண்ணால் அளக்கலாம்! ஓரங்குலத்துக்கு 4,000 அடி. 50 அடிக்கொரு சமவுயரக்கோடு. விளிம்பிலிருந்து ஆறுவரை இறங்க நூறு கோடுகளளவு கடக்கவேண்டும். செங்குத்துப் பாறையில் அவை மயிரிழையாய் நெருங்கும், சரிவில் விலகும். இவ்வொழுங்கை நோக்கியே பாறையடுக்குகளை இனங்காணலாம். கருவிகள் பெருகிய இக்காலத்தும் இப்படத்தின் அழகு குன்றவில்லை என்பதே எம் கருத்து.

மத்தேசும் பெயரிடத் தயங்கினாரல்லர். விஷ்ணு கோயிலுக்கு அண்மையில் ஜெர்மானியத் தெய்வமான வோட்டனுக்கு ஓர் அரியணை அளித்தார். குடைவின் அடியிலுள்ள, சுமார் 175 கோடி ஆண்டு பழைய பாறைக்கும் விஷ்ணுவின் பெயரே வழங்குகின்றது.

நம் தெய்வங்களின் பெயரைத் தூரதேயப் படத்திற் காண உள்ளம் மகிழ்வது இயல்பே. நிற்க, அந்நிலத்துக்குரியோர் யாவர்? ஹவசுப்பாய் என்னும் ஆதிக்குடிகள் அங்கே ஓர் ஊற்றருகே பயிரிட்டு வாழ்ந்தனர். அவ்விடத்துக்கு ‘இந்தியன் கார்டன்’ என்றே பெயர் வழங்கிற்று. இங்கே ‘இந்தியன்’ என்பது பாரத நாட்டவரைக் குறிப்பதன்று. கொலம்பசின் மயக்கத்தால் வந்த பெயர். 1919இல் அப்பிரதேசம் தேசிய பூங்காவாயிற்று. 1928இல் அத்தோட்டத்தில் எஞ்சியிருந்த கடைசி ஹவசுப்பாய் மனிதரும் வெளியேற்றப்பட்டார். எங்கோ இருக்கும் விஷ்ணுவுக்குப் படத்தில் இடமளித்தவர்கள், அருகிலே பயிரிட்டவர்களின் பெயரை அத்தோட்டத்துக்கு இடவில்லை. அக்குடிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 2022 நவம்பரிலேதான் அவ்விடம் ‘ஹவசுப்பாய் கார்டன்ஸ்’ எனப் பெயர் மாற்றப்பட்டது.