தறியை நிறுத்திய காய்ச்சல்

காய்ச்சலுக்கும் சரித்திரம் உண்டு. ராஜாக்களின் படையெடுப்பை எழுதி வைத்தவர்கள் கொசுவின் படையெடுப்பைப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் குறை. எங்கள் வெண்ணந்தூர் நெசவாளிகளைக் கேட்டால் அப்படி ஒரு படையெடுப்பைப் பற்றிச் சொல்வார்கள். 2006-இல் வந்த சிக்குன்குனியாதான் அது.

அந்த வருஷம் தெருத் தெருவாகத் தறிகள் நின்றதை நான் பார்த்தேன். காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். மூட்டு வலி விடாது. அறுந்த இழையைப் பிடித்து முடிபோட விரல் மடங்க வேண்டும். மிதிபலகையை மிதிக்க முழங்கால் மடங்க வேண்டும். இரண்டும் மறுத்தால் கூலி ஏது? பெரும்பாலும் உயிரை விட்டுவைத்து, பிழைப்பைப் பிடுங்கிக்கொள்ளும் நோய் அது.

1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில், அன்றைய டாங்கனிகாவில், இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அங்குள்ள மகொண்டே மக்களின் பாஷையில் அந்தப் பெயருக்கு 'கூனி வளைவது' என்று பொருள். 1963-இல் கல்கத்தாவுக்கு வந்தது. 1964-இல் சென்னைக்கும் வேலூருக்கும் வந்தது. 1973-இல் மகாராஷ்டிரத்துப் பார்சியில் தலைகாட்டிவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் அஞ்ஞாதவாசம் செய்தது. 2005-இன் கடைசியில் திரும்பியது. மறு வருஷம் நம் தேசத்தில் இந்நோய் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 13 லட்சத்துக்கு மேல் என்பது சர்க்கார் கணக்கு.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே 2006-இல்தான் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு வைத்தியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1998-இல் ஒரு சின்னஞ்சிறு புழுவிடம் அவர்கள் கண்ட ரகசியத்துக்காக!

அதை நெசவுப் பாஷையிலேயே சொல்லிவிடலாம். ஜக்கார்டு தறியில் பூ விழுவது துளையிட்ட அட்டையினால் அல்லவா? நம் உயிரணு ஒரு தறி, ஆர்.என்.ஏ. என்பது அதற்கு வரும் அட்டை. வைரஸுக்குச் சொந்தத் தறி கிடையாது. தன் அட்டையை நம் தறியில் மாட்டித் தன்னையே நெய்துகொள்கிறது. இந்த இடத்தில்தான் புழுவின் வித்தை வருகிறது. உயிரணுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தென்பட்டால் ஒரு நொதி அதைச் சுமார் 21 எழுத்துள்ள துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதனோடு பொருந்தும் அட்டையை உயிரணு தேடிப் பிடித்துக் கத்தரித்துவிடுகிறது. மற்ற அட்டைகளுக்குச் சேதமில்லை. 1990-இல் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை ஆழமாக்க முயன்றவர்களுக்கு வெள்ளைப் பூ பூத்து ஏமாற்றியதன் காரணமும் இதுவே என்று பின்னால் தெரிந்தது.

கொசுவுக்கும் இந்த வித்தை தெரியும். வைரஸைச் சுமந்து திரிந்தும் அது நம்மைப்போல் படுத்துவிடாததற்கு இது ஒரு காரணம். 2006-இலேயே அமெரிக்கக் கொலராடோவில் இந்தச் சக்தியைக் கூட்டி, டெங்கு வைரஸுக்கு இடங்கொடாத கொசுவை உண்டாக்கிவிட்டார்கள். ஆனால் பதினேழாம் தலைமுறைக்குள் அந்தச் சக்தி போய்விட்டது!

நம் நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. பூனாவில் 1952-இல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி நிலையம் இன்று தேசிய நிலையமாக விளங்குகிறது. அதன் ஆராய்ச்சியாளர்கள் சிக்குன்குனியாவின் ஆர்.என்.ஏ.யைக் குறிவைத்துத் துண்டுகள் தயாரித்தார்கள். நோய் ஏற்றி மூன்று நாள் கழித்துக் கொடுத்தும், சுண்டெலிகளின் உடலில் வைரஸ் பெருகுவது நின்றது என்று 2013-இல் வெளியிட்டார்கள்.

சுண்டெலிக்குக் கிடைத்தது மனிதனுக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தத் துண்டுகள் ரத்தத்தில் வெகு சீக்கிரம் சிதைந்துவிடும்; வேண்டிய உறுப்பில் கொண்டு சேர்ப்பது பெரும்பாடு. ஆனால் அது தாண்ட முடியாத மலை அல்ல. 2018-இல் இந்த முறையில் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அபூர்வமான ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கு அது. அறிவித்த விலை ஆண்டுக்குச் சுமார் 4,50,000 டாலர். அந்த நோயாளிகள் பிழைக்கட்டும். எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் கூலிக்காரனின் காய்ச்சலுக்குப் பணம் போட முதலாளி கிடைப்பது அரிது என்பதையும் இந்தச் சரித்திரத்தில் எழுதத்தான் வேண்டும்.

சிக்குன்குனியாவுக்கென்று தனி மருந்து இன்றும் இல்லை. வலிக்கு மாத்திரையும் ஓய்வும்தான். ஓய்வு என்பது தினக்கூலிக்காரனுக்கு மாத்திரையைவிட விலை அதிகம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு நாம் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நோபல் பரிசு இல்லாத வித்தைதான். ஆனால் இப்போதைக்கு நம் கைக்கு எட்டுவது அது ஒன்றே.