வரிசையில் நிற்காத பையன்

இரண்டாம் உலகப் போரில் முற்றுகைக்குள்ளான மால்டா தீவு, 1942 கோடை. தா காலி விமானத்தளத்தின் ஓரத்தில் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் கல்சுவர். அதில் ஒரு பல்லி. கொஞ்சம் தள்ளி, கையில் ரிவால்வரோடு இருபது வயதுப் பையன் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

நம் ஊர்ப் பையன்கள் ஓணானைக் கல்லால் அடிக்கும் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 250 கஜ தூரத்தில் பறக்கும் எதிரி விமானம் கண்ணுக்கு என்ன அளவில் தெரியுமோ, அதே அளவில் பல்லி தெரியும்படி தூரத்தைக் கணக்குப் பண்ணி உட்கார்ந்திருந்தான். பல்லி நகரும்வரை காத்திருப்பான். நகர்ந்ததும் ஒரே குண்டு. சக வீரர்கள் நிழல் தேடி ஒதுங்கும் பகலில் இவனுடைய பொழுதுபோக்கு இதுதான். மிச்ச நேரத்தில் கோணங்களையும் தூரங்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பான்.

பெயர் ஜார்ஜ் பெர்லிங். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். படிப்பு போதாது என்று சொந்த நாட்டு விமானப்படையே கதவைச் சாத்திய ஆள்.

கனடாவில் மாண்ட்ரியலை ஒட்டிய வெர்டன் நகரில் 1921 டிசம்பர் 6 அன்று பிறந்தார் பெர்லிங். அப்பா விளம்பர ஓவியர். சாராயம், புகை இரண்டையும் வாசலுக்கே விடாத, பக்தி மிகுந்த குடும்பம். பையனை நன்றாகப் படிக்கவைக்க வேண்டும் என்பது பெற்றோர் கனவு. பையனுக்கோ கார்ட்டியர்வில் விமானத்திடல்தான் பள்ளி. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போய் நிற்பான். மதிப்பெண்கள் எப்படி இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழை நாளில் விமானக் கொட்டகையில் ஒதுங்கிய சிறுவனிடம், வீட்டில் சம்மதம் வாங்கி வந்தால் வானத்தில் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்றார் ஒரு விமானி. யாரோ வேடிக்கைக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து வீட்டிலும் தலையாட்டிவிட்டார்கள். அன்றோடு புத்தகப் பைக்கும் பையனுக்கும் இருந்த உறவு முறிந்தது.

பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். சம்பளக் காசெல்லாம் விமானப் பயிற்சிக் கட்டணமாகக் கரைந்தது. தனியாக விமானம் ஓட்டத் தெரிந்துகொண்டு, ராயல் கனடிய விமானப்படையின் வாசலில் போய் நின்றார். உலகப் போர் தொடங்கிய நேரம். படைக்கு விமானிகள் தேவை, இவருக்கு ஓட்டவும் தெரியும். ஆனாலும் விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற கட்டம் காலியாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அதிகாரிகளை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. வழி கண்டுபிடிக்க, எரிபொருள் கணக்குப் போட, காற்றின் திசைக்கேற்பப் பாதையைத் திருத்த விமானிக்கு வகுப்பறைக் கணிதம் வேண்டும். சான்றிதழ் கேட்பது சுலபமான சல்லடை. அந்தச் சல்லடையில் சில சமயம் நெல்லும் பதரோடு போய்விடும்.

போர் விமானியாவதற்கு பெர்லிங் செய்தவை அத்தனையும் பிடிவாதத்தின் உச்சம். ஜப்பானை எதிர்த்துப் போரிடும் சீன விமானப்படையில் சேரலாம் என்று அமெரிக்க எல்லையைத் தாண்டினார்; பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ரஷ்யாவோடு போரிட்ட பின்லாந்துக்கு விண்ணப்பித்தார். வயது போதாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பெற்றோர் போட மறுத்துவிட்டார்கள்.

1940இல் ஸ்வீடன் நாட்டு சரக்குக் கப்பல் ஒன்றில் கூலியாளாக ஏறினார். அதில் இருந்த சரக்கு வெடிமருந்து. ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடிய அட்லாண்டிக்கைக் கடந்து கிளாஸ்கோவில் இறங்கி, பிரிட்டிஷ் விமானப்படை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரே ஒரு கேள்வி: பிறப்புச் சான்றிதழ் எங்கே?

வீட்டில் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். பெர்லிங் அதே வெடிமருந்துப் பாதையில் கனடாவுக்குத் திரும்பி, சான்றிதழை எடுத்துக்கொண்டு, மூன்றாவது முறையாகக் கடல் தாண்டினார். செப்டம்பர் 1940இல் பிரிட்டிஷ் படை அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு காகிதத்துக்காக இரண்டு அட்லாண்டிக் பயணம்! தாலுகா அலுவலகத்தில் நகல் இல்லாமல் திரும்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த மனிதரைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

பள்ளியில் சோபிக்காதவர்கள் விமானப்படைகளில் புதிதல்ல. முதல் உலகப் போரில் 80 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர் மான்ஃப்ரெட் வான் ரிக்டோஃபன், ராணுவப் பள்ளியில் தேறுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் படித்தேன் என்று தானே எழுதியிருக்கிறார். விமானி தேர்விலும் முதல் முறை தோல்வி. ‘குட்டி இளவரசன்’ எழுதிய செந்த் எக்சுபெரி, பிரெஞ்சுக் கடற்படைப் பள்ளி நுழைவுத் தேர்வில் தோற்றவர். பிறகு விமானப்படையில் தரைப் பணிக்குச் சேர்ந்து, கைக்காசு போட்டு விமானம் ஓட்டக் கற்றார். ஆனால் இவர்கள் பின்வாசல் வழியாகவாவது சொந்தப் படைக்குள் நுழைந்தவர்கள். பெர்லிங்குக்குச் சொந்த ஊரில் அந்த வாசலும் இல்லை.

பயிற்சியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் ஜிஞ்சர் லேசி. பிரிட்டன் வான்போரில் பேர் வாங்கிய சூரர். பையன் சுடும் விதத்தைப் பார்த்து அவரே அசந்துபோனார். ஆனால் இங்கிலாந்துப் படைப்பிரிவில் பழைய சிக்கல் புது வடிவில் வந்தது. வான்போரில் விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும்; பக்கத்து ஆளின் வாலை ஒருவர் காக்க வேண்டும். பெர்லிங்கோ எதிரியைக் கண்டதும் அணியை விட்டுப் பாய்ந்துவிடுவார். 1942 மே மாதத் தொடக்கத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு விமானங்களை வீழ்த்தினார். பாராட்டுக்குப் பதில் திட்டுதான் கிடைத்தது. வகுப்பில் பெஞ்சில் உட்கார மாட்டாதவன், வானத்திலும் வரிசையில் நிற்க மாட்டேன் என்றால் மேலதிகாரி என்ன செய்வார்? மால்டாவுக்கு ஆள் கேட்டபோது பெர்லிங் தானே கையைத் தூக்கினார். யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 9 அன்று ‘ஈகிள்’ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் கிளம்பி மால்டாவில் இறங்கினார். சோற்றுக்குத் தட்டுப்பாடு, ‘மால்டா நாய்’ என்று வீரர்கள் பெயர் வைத்த வயிற்றுப்போக்கு, தினமும் குண்டுவீச்சு. 249ஆம் படைப்பிரிவில் அவருக்கு மேலே இருந்தவர் லாடி லூக்கஸ் என்ற இங்கிலாந்துக்காரர். பையனின் கதையெல்லாம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்து, உன்னை நம்புகிறேன், நம்பிக்கையைக் கெடுத்தால் அடுத்த விமானத்தில் தீவை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார். வாத்தியார்கள் யாரும் இப்படிப் பேசியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. எதைப் பார்த்தாலும் ‘ஸ்க்ரூபால்’ என்று திட்டும் பழக்கத்தால் அந்தச் சொல்லே பெர்லிங்குக்குப் பட்டப்பெயரானது. கிறுக்கன் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

இனி பல்லிக்கு வருவோம். எதிரி விமானம் நமக்கு நேர் குறுக்கே மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 250 கஜம், அதாவது சுமார் 230 மீட்டர். பீரங்கிக் குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதற்குள் எதிரி சுமார் 40 மீட்டர் நகர்ந்திருப்பான். அவன் விமானத்தின் நீளமே 9 மீட்டர்தான். ஆக, நான்கு விமான நீளத்துக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத வெறும் வானத்தைக் குறிபார்த்துச் சுட வேண்டும். கோணம் மாறினால் கணக்கும் மாறும். நாமும் திரும்பிக்கொண்டே இருக்கிறோம், நம்மையும் ஒருவன் துரத்துகிறான். யோசித்துப் போட நேரமில்லாத கணக்கு இது. அதனால்தான் பெரும்பாலான விமானிகள் எதிரியின் பின்னால் போய் நேராகச் சுட்டார்கள். பெர்லிங் பக்கவாட்டிலிருந்து, இரண்டே விநாடி பொத்தானை அழுத்திவிட்டு விலகுவார். குறிப்பேட்டில் எழுதி எழுதி, பல்லி பல்லியாகச் சுட்டு, விடையைக் கண்ணுக்குள்ளேயே ஏற்றி வைத்திருந்தார். வீட்டுப்பாடம் செய்யாத பையன் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஜூலை 27 அன்று ஒரே நாளில் நான்கு விமானங்கள். அவற்றில் ஒன்றை ஓட்டியவர் இத்தாலியின் பெயர்பெற்ற விமானி ஃபூரியோ நிக்ளோட் டோக்லியோ. நான்கு மாதங்களில் மால்டாவின் வானில் பெர்லிங் வீழ்த்தியவை 27. அந்தத் தீவில் வேறு யாரும் அவ்வளவு வீழ்த்தவில்லை. அதிகாரிப் பதவி கொடுத்தபோது, நான் அதற்கான ஆள் இல்லை என்று மறுத்தார். கட்டாயப்படுத்தித்தான் தோளில் பட்டை குத்தினார்கள். அக்டோபர் 14 அன்று குதிகாலில் காயத்தோடு பாராசூட்டில் கடலில் விழுந்தார். ஊர் திரும்பும் வழியில் அவர் ஏறிய லிபரேட்டர் விமானம் ஜிப்ரால்டரில் கடலில் விழுந்து பலர் மாண்டார்கள். அடிபட்ட காலோடு நீந்திக் கரையேறினார் பெர்லிங்.

கனடா அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. பிரதமர் மெக்கென்ஸி கிங் சந்தித்தார். போர்க் கடன் பத்திரம் விற்க மேடை மேடையாக ஏற்றினார்கள். அங்கேயும் மனிதர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வீரக்கதை கேட்க வந்த கூட்டத்துக்கு, எதிரி எப்படிச் செத்தான் என்பதை ஒளிவுமறைவின்றி விவரிக்க, ஏற்பாட்டாளர்கள் நெளிந்தார்கள். 1943 செப்டம்பரில், படிப்பில்லை என்று விரட்டிய அதே கனடிய விமானப்படை அவரை அழைத்துக்கொண்டது.

அது ஒரு வருடம்தான் தாங்கியது. தலைமையகத்துக்கு மேலே பயிற்சி விமானத்தில் வித்தை காட்டி ராணுவ விசாரணை வரை போனார். ஒரு மஸ்டாங் போர்விமானம் கொடுங்கள், தனியாக ஜெர்மனிக்குள் போய் வருகிறேன் என்று நச்சரித்தார். கூட்டாகப் பறப்பதே போர் முறையாகிவிட்ட காலத்தில் யார் கொடுப்பார்கள்? 1944 அக்டோபரில், போர் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1948 மே 20 அன்று, புதிதாகப் பிறந்த இஸ்ரேலுக்கு விமானம் கொண்டுசேர்க்கக் கிளம்பிய பெர்லிங், ரோம் நகரத்தின் உர்பே விமானத்திடலில் தீப்பற்றிய விமானத்தோடு இறந்தார். வயது 26. யாரோ சதி செய்தார்கள் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. முதலில் ரோமில் புதைக்கப்பட்ட உடல் பிறகு ஹைஃபாவுக்குப் போனது.

வெர்டன் நகரில் இன்று ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. பெயர் பெர்லிங் அகாடமி. அங்கும் காலையில் மணி அடிக்கும். வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் உண்டு.