சேர்வராயனை வரைந்த ராணுவ அதிகாரி

ஆத்தூர்ல நின்னு பார்த்தா வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, மேற்கே சேர்வராயன். இந்தச் சேர்வராயன் மலையை 1860-கள்ல வரைஞ்சு வெச்சவர் டக்ளஸ் ஹாமில்டன்ங்கற ஆங்கிலேய ராணுவ அதிகாரி.

எதுக்கு வரைஞ்சார்? சமவெளி வெயில் தாங்காத ஐரோப்பியச் சிப்பாய்களைத் தங்க வைக்க எந்த மலை சரிப்படும்னு மெட்ராஸ் அரசு தெரிஞ்சுக்க நினைச்சது. ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன்னு ஏறி இறங்கி ஹாமில்டன் வரைஞ்ச படங்களை அரசே அச்சிட்டது.

அதுக்கு முன்னாடி, 1850-கள்ல, ஆனைமலைக் காடுகள் இவர் பொறுப்புல இருந்தது. இவரோட மேலதிகாரி ஹியூ கிளெக்ஹார்ன். மருத்துவர், காடு வேகமா அழியுதுன்னு எச்சரிச்சவர், 1856-ல மெட்ராஸ் மாகாண வனத்துறையைத் தொடங்கினவர்.

ஆனா அன்னிக்குப் 'பாதுகாப்பு'ன்னா என்ன அர்த்தம்? 1 மைல் தண்டவாளத்துக்குக் குறைஞ்சது 1,760 சிலீப்பர் கட்டை வேணும். 1861-ல ரயில் சேலத்துக்கே வந்துடுச்சு. கப்பலுக்கும் ரயிலுக்கும் மரம் தீர்ந்துடக் கூடாதுங்கறதுதான் அரசோட பெரிய கவலை. அதனால கட்டுப்பாடு முதல்ல விழுந்தது, காட்டை எரிச்சு விதைச்சுப் பிழைச்ச மலைமக்கள் மேல.

ஹாமில்டனும் மலையை ரசிச்சார், தேக்கை வெட்ட வெச்சார், வேட்டையும் ஆடினார். மூணும் ஒரே ஆள்தான்.

சேர்வராயன்ல காபி 1820-கள்லயே வந்தாச்சு. அதனால இவர் வரைஞ்சது கன்னிக்காடு இல்ல. ஏற்கனவே மாறத் தொடங்கிட்ட மலை. இருந்தாலும் கேமரா அபூர்வமா இருந்த காலத்துச் சாட்சி அது. ஏற்காட்டுக்குப் போறப்ப இந்தக் கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க: இன்னிக்கு நாம மலையைக் காப்பாத்தறது யாருக்காக?