நூதனசாலைத் தொண்டரும் உழைப்பின் மதிப்பும்

நூதனசாலைகளின் வரலாற்றை எழுதியோர் சேகரிப்பாளரையும் கொடையாளரையுமே பெரிதும் நினைவுகூர்ந்துள்ளனர். காட்சிப்பொருளுக்கும் அதனை நோக்குவோருக்கும் இடையில் நின்று விளக்கம் தந்த தொண்டர்கள் அவ்வரலாற்றில் இடம்பெற்றது அரிது. இவர்தம் பணியை எவ்வாறு மதிப்பது என்பது அடிப்படையில் உழைப்புப் பற்றிய வினாவே என நாம் கருதுகின்றோம்.

1759 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரித்தானிய நூதனசாலையில், முன்கூட்டியே அனுமதிச்சீட்டுப் பெற்றோர் சிறு குழுக்களாக விரைந்து அழைத்துச் செல்லப்பட்டனர். கதவு திறந்தமையால் மட்டும் அரும்பொருள்கள் மக்களுடையன ஆகிவிடவில்லை. காண்போருக்கு விளக்கத் துணை வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் வற்புறுத்தியோருள் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் குறிப்பிடத்தக்கவர். கற்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த 'டோசென்ற்' என்னும் பெயருடன் விளக்குநர் சேவை அங்கு 1907 இல் தொடங்கிற்று.

காலப்போக்கில் அமெரிக்க நூதனசாலைகள் பலவற்றில் இப்பணி ஊதியமற்ற தொண்டரிடம் சேர்ந்தது. சிக்காகோ கலை நிறுவனத்தில் 1961 இல் உருவான தொண்டர் திட்டம் அத்தகையது. 2021 செப்டெம்பரில் அந்நிறுவனம் அத்திட்டத்தை நிறுத்தி, ஊதியம் பெறும் கல்வியாளரை நாடும் புதிய முறையை அறிவித்தது. பணியிலிருந்த 82 தொண்டருக்கு நன்றியாக ஈராண்டு இலவச உறுப்புரிமை வழங்க முன்வந்தது. தொண்டர்கள் எழுத்துமூலம் கண்டனம் தெரிவித்தனர்.

இந்நிகழ்வில் இரு உண்மைகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கின்றன. ஊதியமின்றிப் பகற்பொழுதை ஈய வல்லோர் ஓய்வும் வசதியும் உடையோரே. அத்தொண்டருட் பெரும்பான்மையோர் வெள்ளையினப் பெண்களாயிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நாட்கூலியில் வாழ்பவருக்குத் தொண்டு செய்யும் விருப்பம் இருப்பினும் அதற்கான வாய்ப்பு இல்லை. ஆகவே, ஊதியம் வழங்கும் கொள்கை நியாயமானதே. ஆயினும், ஒன்றரை ஆண்டுப் பயிற்சியாலும் இடையறாத கற்றலாலும் அத்தொண்டர் ஈட்டிய அறிவும் உழைப்பின் விளைவே. அதனை ஒரு மடலால் முடித்துவைத்தமை, ஊதியம் பெறாத உழைப்பை உழைப்பாகவே கருதாத மனோபாவத்தைக் காட்டுகின்றது.

எனவே, பாராட்டுச் சான்றிதழும் விருந்தும் மட்டும் மதிப்பளித்தல் ஆகா. பயிற்சிக் காலத்துக்கும் போக்குவரத்துக்கும் படி வழங்குதல், தொண்டரின் அறிவைப் பதிவுசெய்து புதியோரிடம் கையளித்தல், அவர்தம் பணியைப் பாதிக்கும் தீர்மானங்களில் அவர்களுக்கு இடமளித்தல் ஆகியனவே உண்மையான மதிப்பாகும். இவை நிறைவேறுமிடத்தே தொண்டு, வசதியுடையோரின் தனியுரிமையாக இருக்கும் நிலை மாறும்.